தள்ளுபடியா, நீக்கமா? வங்கி எப்படி நிற்கிறது, எப்போது விழுகிறது

2014-15 முதல் 2023-24 வரையிலான 10 நிதியாண்டுகளில் இந்திய வங்கிகள் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய்க் கடனைத் தங்கள் கணக்கிலிருந்து நீக்கியிருப்பதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இந்த மாதிரிச் செய்தி நம் கைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் ‘கடன் தள்ளுபடி’ என்று ஆகிவிடுகிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி உடனே கேட்டார்: “நகைக்கடனுக்கு வட்டி கட்ட ரெண்டு நாள் தள்ளினா நமக்குப் போன் மேல போன் வருது. அவங்களுக்கு மட்டும் இத்தனை லட்சம் கோடியை எப்படி விட்டுக் கொடுக்கிறாங்க?”

சித்தியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் ஒரு சொல் குழப்பமும் இருக்கிறது. தமிழில் ‘தள்ளுபடி’ என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம். அந்த முடிச்சை அவிழ்க்கப் போனால் வங்கி என்பது என்ன, அது எதன் மேல் நிற்கிறது, எப்போது ஆட்டம் காணும் என்பது வரை தெளிவாகிவிடும். இதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம். கூட்டல் கழித்தல் போதும்.

## உங்கள் பணம் பெட்டியில் இல்லை

முதலில் ஒரு பழைய நம்பிக்கையை ஓரமாக வைத்துவிடலாம். வங்கியில் பணம் போடுவதைப் பத்திரமாக எடுத்து வைப்பது என்றே பலர் நினைக்கிறோம். பத்திரமாக எடுத்து வைப்பதற்கு வங்கியில் வேறு ஏற்பாடு உண்டு. அதற்கு லாக்கர் என்று பெயர். லாக்கரில் வைத்த நகை அதே நகையாகத் திரும்பி வரும். அதற்கு நீங்கள் வங்கிக்கு வாடகை கட்டுகிறீர்கள். டெபாசிட்டுக்கோ வங்கி உங்களுக்கு வட்டி கட்டுகிறது. யார் யாருக்குப் பணம் கட்டுகிறார்கள் என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். டெபாசிட் என்பது நீங்கள் வங்கிக்குக் கொடுத்த கடன்.

ஒரு சின்ன வங்கியைக் கற்பனை செய்துகொள்வோம். அதைத் தொடங்கியவர்கள் 10 ரூபாய் கைமுதல் போட்டார்கள். ஊர் மக்கள் 90 ரூபாய் டெபாசிட் செய்தார்கள். ஆக, 100 ரூபாய். அதில் 5 ரூபாய் ரொக்கம், 20 ரூபாய் அரசுக் கடன் பத்திரங்கள், மீதி 75 ரூபாய் கடனாக வெளியே போயிருக்கிறது. கட்டுரை முடியும் வரை இந்த வங்கி நம்மோடு வரும். இந்த எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக் கணக்கில் கடன் என்றால் சுமை. வங்கிக் கணக்கில் அது தலைகீழ். வெளியே கொடுத்த 75 ரூபாய் அதன் சொத்து, ஏனென்றால் அது திரும்பி வர வேண்டிய பணம். நாம் போட்ட 90 ரூபாய் அதன் சுமை, ஏனென்றால் அது திருப்பித் தர வேண்டிய பணம். இதனால்தான் ‘வங்கியின் சொத்து கெட்டுப்போயிற்று’ என்று சொன்னால், யாரோ கடனைத் திருப்பிக் கட்டவில்லை என்று பொருள்.

ரொக்கமும் பத்திரமும் வங்கி தன் விருப்பத்துக்கு வைத்திருப்பவை அல்ல. டெபாசிட்டில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் கட்டாயம் போட்டு வைக்க வேண்டும். இதற்கு ரொக்க இருப்பு விகிதம் என்று பெயர். 2025 நவம்பர் இறுதியில் இது 3 சதவீதத்துக்கு வந்தது. இதற்கு வட்டி கிடையாது. இது போக, 18 சதவீதம் அளவுக்கு அரசுப் பத்திரம் போல எளிதில் காசாக்கக் கூடியவற்றில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வங்கி ராமுவின் டெபாசிட்டை எடுத்துச் சோமுவுக்குக் கடனாகத் தருகிறது என்பது முழு உண்மை இல்லை. சோமுவுக்கு 1 லட்சம் கடன் அனுமதிக்கும்போது, அவர் கணக்கில் 1 லட்சம் என்று வரவு எழுதுகிறது. அந்த நொடியில் நாட்டில் புதிதாக 1 லட்சம் ரூபாய் டெபாசிட் பிறக்கிறது. ராமுவின் கணக்கில் ஒரு பைசாவும் குறையவில்லை. அதற்காக வங்கி வரம்பில்லாமல் எழுதிக்கொண்டே போக முடியாது. சோமு அந்தப் பணத்தை வேறு வங்கிக்கு மாற்றினால் ரொக்கம் வெளியே போக வேண்டும். அதோடு, ஒவ்வொரு கடனுக்கும் ஏற்ற கைமுதல் வங்கியிடம் இருக்க வேண்டும். வரம்பு அங்கேதான் வருகிறது.

இதுவரை பார்த்தது: டெபாசிட் என்பது வங்கி நமக்குத் தர வேண்டிய கடன், வெளியே கொடுத்த கடன்தான் வங்கியின் சொத்து, பெட்டியில் இருக்கும் ரொக்கம் மிகச் சிறு பங்கு.

## கையில் காசில்லாததும் சொத்தே இல்லாததும்

வங்கிக்கு வரும் கஷ்டம் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வதந்தி வேகமாகப் பரவுகிறது.

நள்ளிரவில் மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள். உங்களுக்கு ஊரில் 2 ஏக்கர் நிலம் இருக்கிறது; கையில் காசில்லை. இது ஒரு கஷ்டம். நாலு நாள் யாராவது கைமாற்று கொடுத்தால் தீர்ந்துவிடும். இன்னொருவருக்கோ இருப்பதையெல்லாம் விற்றாலும் கடன் அடையாது. அவருக்குக் கைமாற்று கொடுத்தால் கடன் இன்னும் கூடும், அவ்வளவுதான். முதலாவது ரொக்க நெருக்கடி. இரண்டாவது திவால் நிலை.

ரொக்க நெருக்கடி வரும் வாய்ப்பு நல்ல வங்கிக்கும் உண்டு. வங்கித் தொழிலின் அமைப்பே அப்படி. சேமிப்புக் கணக்குப் பணத்தை நாம் எந்த நாளும் கேட்கலாம். வீட்டுக் கடன் திரும்பி வர 20 ஆண்டுகள் ஆகும். குறுகிய காலத்துக்கு வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுப்பதுதான் வங்கி செய்யும் வேலை, அதில் கிடைக்கும் வட்டி வித்தியாசம்தான் அதன் பிழைப்பு. எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்க மாட்டார்கள் என்பதால் இது நடக்கிறது. ஒரு நூலகத்தில் 500 உறுப்பினர்கள் இருந்தாலும் ஒரே புத்தகத்தை எல்லோரும் ஒரே நாளில் கேட்பதில்லை, அது போல.

ஆனால் ‘அந்த வங்கி அவ்வளவுதானாம்’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால்? வரிசையில் முதலில் நிற்பவருக்கு முழுப் பணமும் கிடைக்கும், கடைசியில் நிற்பவருக்குக் கிடைக்காது. இது தெரிந்தவுடன் ஓடிப்போய் எடுப்பதுதான் ஒவ்வொருவருக்கும் புத்திசாலித்தனம். எல்லோரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டால், நன்றாக இருந்த வங்கியும் பத்திரங்களையும் கடன்களையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டி வரும். அந்த நஷ்டத்தில் முதல் வகைக் கஷ்டம் இரண்டாம் வகையாக மாறிவிடும்.

சென்னைக்கு இந்த அனுபவம் உண்டு. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் என்ற பெரிய ஆங்கிலேய நிறுவனம் பணம் தர முடியாமல் கதவை மூடியது. அது வியாபாரமும் செய்துகொண்டு, மக்களிடம் டெபாசிட்டும் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனம். அதை நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்துப்போயின. பங்குதாரர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் அந்த அடியில்தான் வலுத்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முன்னின்று முயன்றதில் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

இந்தப் பயத்துக்கு இன்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று, மத்திய வங்கி. நல்ல சொத்து வைத்திருந்தும் ரொக்கத்துக்குத் தவிக்கும் வங்கிக்கு, அரசுப் பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு ரிசர்வ் வங்கி பணம் தரும். மருத்துவமனை உதாரணத்தில் வந்த கைமாற்று இதுதான். மற்றொன்று டெபாசிட் காப்பீடு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

## பற்று நோட்டில் ஒரு பக்கம்

இப்போது சித்தியின் கேள்விக்கு வரலாம். இதற்கு ஒரு மளிகைக் கடையின் பற்று நோட்டைத் திறந்து பார்த்தால் போதும்.

ஒரு பக்கத்தில் வாடிக்கையாளர் பெயர், அதன் கீழே தேதி வாரியாகச் சாமான், தொகை. மாதச் சம்பளம் வந்ததும் கட்டிவிடுவார், கடைக்காரர் குறுக்கே ஒரு கோடு போடுவார். ஒரு மாதம் கட்டவில்லை. பரவாயில்லை, ஏதோ கஷ்டம். இரண்டாவது மாதமும் இல்லை. மூன்றாவது மாதம் ஆளையே காணோம். அந்தப் பக்கத்தில் 4,000 ரூபாய் நிற்கிறது. கடைக்காரர் இன்னமும் அந்த 4,000-ஐ வர வேண்டிய பணமாகக் கூட்டிக்கொண்டிருந்தால் ஏமாறுவது அவர்தான்.

வங்கிக்கும் இதே மூன்று மாதக் கணக்குதான். அசலோ வட்டியோ 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கடன் வாராக்கடன் ஆகிறது. வராது என்று முடிவாகிவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. சொன்னபடி வரவில்லை என்றுதான் பொருள். பயிர்க் கடனுக்கு நாள் கணக்கு இல்லை, அறுவடைப் பருவத்தை வைத்து எண்ணுகிறார்கள்.

வாராக்கடன் ஆனதும் வங்கி தன் லாபத்திலிருந்து ஒரு தொகையை எடுத்து, ‘இது போனாலும் போகலாம்’ என்று தனியே வைக்க வேண்டும். இதற்கு ஒதுக்கீடு என்று பெயர். அடமானம் உள்ள கடனாக இருந்தால் முதலில் 15 சதவீதம், ஓராண்டு கடந்தால் 25, அப்புறம் 40, சுமார் 4 ஆண்டுகளில் நூறு சதவீதம். ஆக, நான்காவது ஆண்டில் அந்தக் கடன் முழுவதையும் நஷ்டமாக வங்கி ஏற்கெனவே தாங்கி முடித்திருக்கும்.

இதற்குப் பிறகும் அந்தப் பக்கத்தை நடப்பு நோட்டிலேயே வைத்திருப்பதில் பயன் இல்லை. கடைக்காரர் அதைக் கிழித்து எறிவதில்லை. பக்கத்தை எடுத்துப் பழைய பாக்கி நோட்டில் ஒட்டி வைக்கிறார். அந்த ஆள் தெருவில் கண்ணில் பட்டால் கேட்காமல் விடமாட்டார். வங்கி செய்யும் ‘நீக்கம்’ இதுதான். கடன் நடப்புக் கணக்கேட்டிலிருந்து வெளியேறுகிறது. கடன்காரரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வழக்கு நடக்கும், அடமானச் சொத்து ஏலத்துக்கு வரும். ஏதாவது வசூலானால் அது அந்த ஆண்டு வருமானமாகச் சேரும்.

பக்கத்தைக் கிழித்து எறிவதும் உண்டு. அதுதான் உண்மையான தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. அதில் விவசாயி இனி கட்ட வேண்டியதில்லை. அவருக்குப் பதிலாக அரசு அந்தப் பணத்தைக் கூட்டுறவு வங்கிகளுக்குத் தரப் பொறுப்பேற்கிறது. தள்ளுபடியில் கடன் மறைகிறது. நீக்கத்தில் கடன் நோட்டு மாறுகிறது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதை நம் பத்திரிகைகள் விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இத்தனை சொன்ன பிறகும் சித்தியின் கோபம் அடங்கிவிட வேண்டியதில்லை. பழைய பாக்கி நோட்டுக்குப் போன கடனில் திரும்பி வருவது சிறு பகுதிதான். மீதி யார் தலையில் விழுகிறது? வங்கியின் உரிமையாளர் தலையில். பொதுத்துறை வங்கிக்கு உரிமையாளர் அரசு. 2017 அக்டோபரில், நஷ்டத்தில் தள்ளாடிய பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம், அதாவது கைமுதல், சேர்க்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. அதன் பெரும்பகுதி அரசு கடன் பத்திரம் எழுதித் திரட்டியது. கடைசியில் அது வரி கட்டுபவர் பணம். அதனால் ‘ஏன் நீக்கினீர்கள்?’ என்று கேட்பதை விட, ‘யாரைப் பார்த்துக் கொடுத்தீர்கள், எவ்வளவு வசூலித்தீர்கள்?’ என்று கேட்பதுதான் வங்கிக்கு உறைக்கும்.

## முதலுக்கே மோசம் வரும்போது

நம் சின்ன வங்கிக்குத் திரும்புவோம். 75 ரூபாய் கடனில் 5 ரூபாய் திரும்பவில்லை. டெபாசிட் செய்தவர்களுக்குத் தர வேண்டிய 90 குறையாது. சொத்து 100-லிருந்து 95 ஆகிவிட்டது. 95-இல் 90 போனால் 5. உரிமையாளர்களின் 10 ரூபாய் கைமுதல் 5 ஆயிற்று. டெபாசிட்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

12 ரூபாய் திரும்பவில்லை என்றால்? சொத்து 88. தர வேண்டியது 90. கைமுதல் முழுவதும் போய், 2 ரூபாய் துண்டு விழுகிறது. இதுதான் வங்கி திவாலாகும் இடம். கவனியுங்கள், பெட்டியில் 5 ரூபாய் ரொக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது, ஏடிஎம்மில் பணமும் வரும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

வங்கி மூலதனம் என்றால் எங்கோ பூட்டி வைத்த பணம் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் நிறைய. அது பணமே அல்ல, ஒரு வித்தியாசம். சொத்திலிருந்து தர வேண்டியதைக் கழித்தால் வருவது. உரிமையாளர் எவ்வளவு நஷ்டம் தாங்குவார் என்பதற்கான அளவு. இந்தியாவில் வங்கிகள் தங்கள் கடன்களை ஆபத்துக்கேற்ப எடை போட்டு, அந்தத் தொகையில் குறைந்தது 9 சதவீதமும், அதன் மேல் பாதுகாப்புக்காக 2.5 சதவீதமும் வைத்திருக்க வேண்டும்.

‘ஆபத்துக்கேற்ப’ என்பதில்தான் ரிசர்வ் வங்கியின் கடிவாளம் இருக்கிறது. எல்லாக் கடனும் ஒரே எடை அல்ல. அரசுப் பத்திரத்துக்கு எடை பூஜ்யம். அடமானம் இல்லாத தனிநபர் கடன் வேகமாகப் பெருகுவதைப் பார்த்த ரிசர்வ் வங்கி, 2023 நவம்பரில் அதன் எடையை 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதம் ஆக்கியது. அதே கடனுக்கு வங்கி இப்போது கால் பங்கு கூடுதல் கைமுதல் காட்ட வேண்டும். யாரையும் தடுக்கவில்லை, கடன் கொடுப்பதன் செலவு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் உண்மையாக இருக்க வேண்டுமானால், கெட்ட கடனைக் கெட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேதான் நம் நாடு ஒரு காலத்தில் தவறியது. 2000-களின் நடுவில் மின்சாரம், எஃகு, சாலை என்று பெரிய திட்டங்களுக்கு வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. பிறகு நிலம் கிடைக்கவில்லை, அனுமதி தாமதமானது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்ததும், அதை நம்பியிருந்த ஆலைகள் திகைத்து நின்றன. தவணை வரவில்லை. வாராக்கடன் என்று எழுதினால் ஒதுக்கீடு செய்ய வேண்டும், லாபம் குறையும். அதனால் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுக்கும் வழக்கம் பரவியது. ஏட்டில் எல்லாம் ஒழுங்காகக் கட்டப்படுவதாகத் தெரியும்.

2015-இல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது ஆய்வாளர்கள் வங்கிகளின் பெரிய கடன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். மறைந்திருந்தவை வெளியே வந்தன. 2018 மார்ச்சில் மொத்தக் கடனில் வாராக்கடன் நூற்றுக்கு 11-ஐத் தாண்டியது. அந்த ஆண்டுதான் கடன்கள் கெட்டன என்று பலர் எண்ணினார்கள். கெட்டது முன்பே, எண்ணியதுதான் அப்போது. 2025 மார்ச்சில் இந்த விகிதம் 2.3-க்கு இறங்கியது. இதில் மகிழ்ச்சி உண்டுதான். ஆனால் இந்த இறக்கத்தில் ஒரு பங்கு வசூலால் வந்தது, ஒரு பங்கு கடனைப் பழைய பாக்கி நோட்டுக்கு மாற்றியதால் வந்தது. ஒரு வங்கி ‘எங்கள் வாராக்கடன் பாதியாகிவிட்டது’ என்று அறிவித்தால், எத்தனை வசூல், எத்தனை நீக்கம் என்று தேடிப் பாருங்கள். ஆண்டறிக்கையில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

சுருக்கமாக: கடன் கெட்டால் முதலில் லாபம் போகும், அப்புறம் கைமுதல் போகும், அதற்கும் மேல் போனால்தான் டெபாசிட்டுக்கு ஆபத்து.

## ஏட்டில் இல்லாதவருக்கு எப்படிக் கடன் கொடுப்பது

வளரும் நாட்டில் வங்கி நடத்துவது கூடுதல் சிரமம். கடன் தேவைப்படும் பெரும்பாலானோரிடம் சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை, அடமானம் வைக்கச் சொத்தும் இல்லை. தையல் இயந்திரம் வாங்க 40,000 ரூபாய் கேட்கும் பெண் நாணயமானவராக இருக்கலாம்; அதை வங்கி எப்படித் தெரிந்துகொள்ளும்? சிறு கடனை விசாரிக்கும் செலவே அதில் வரும் வட்டியைத் தின்றுவிடும்.

குழுக் கடன் இதற்கு ஒரு வழி. பக்கத்து வீட்டாருக்குத் தெரியும் நாணயத்தை வங்கி ஜாமீனாக எடுத்துக்கொள்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் ஆந்திராவில் பல நிறுவனங்கள் போட்டி போட்டு ஒரே பெண்ணுக்குக் கடன் மேல் கடன் கொடுத்தன. வசூலில் கெடுபிடி கூடியது. தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதோடு அங்கே தவணை வசூல் ஏறக்குறைய நின்றே போனது. நெருக்கடி கடன் வாங்கியவர் வீட்டில் தொடங்கி, கொடுத்த நிறுவனத்தையும், அதற்குப் பணம் கொடுத்த வங்கியையும் தொட்டது. இப்போது, 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

## செல்போன் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை

2016-இல் வந்த யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. யுபிஐ வங்கி அல்ல. அது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போகும் பாதை. நீங்கள் பயன்படுத்தும் செயலி அந்தப் பாதையில் ஒரு வாசல்.

கடன் விஷயத்தில் இதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. நேற்று வரை எந்த ஏட்டிலும் இல்லாத தள்ளுவண்டிக்காரருக்கு இன்று தினசரி வரவு வங்கிக் கணக்கில் பதிவாகிறது. ஆறு மாத வரவைப் பார்த்து, சொத்தே இல்லாமல் அவருக்குக் கடன் தர முடியும். தன் கணக்கு விவரத்தைத் தன் சம்மதத்தோடு கடன் கொடுப்பவருக்குக் காட்டும் ஏற்பாடும் 2021-லிருந்து இருக்கிறது. இது உண்மையான முன்னேற்றம் என்று நான் நம்புகிறேன்.

மறுபக்கம் கடன் செயலிகள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் கடன். செயல்பாட்டுக் கட்டணம் 500 பிடித்துக்கொண்டு கையில் 9,500 வருகிறது. 30 நாளில் 10,300 கட்ட வேண்டும். ‘வட்டி வெறும் 3 சதவீதம்’ என்றுதான் விளம்பரம் சொல்லும். உங்கள் கைக்கு வந்தது 9,500, கூடுதலாகக் கட்டியது 800. மாதத்துக்கு 8.4 சதவீதம். ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்துக்கும் மேல்!

கட்டணமெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்ற இந்த எண்ணை முன்கூட்டியே ஒரு தாளில் காட்ட வேண்டும் என்பது 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதி. கடன் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், செயலி உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலியை அந்த நொடியே நீக்கிவிடுங்கள்.

செயலிக்குப் பின்னால் கடன் தருபவர் யார்? பெரும்பாலும் ஒரு வங்கி சாரா நிதி நிறுவனம், அதாவது கடன் கொடுக்கலாம், ஆனால் சேமிப்புக் கணக்கு நடத்த முடியாத நிறுவனம். அதற்குப் பணம் எங்கிருந்து? ஒரு பங்கு வங்கியிலிருந்து. செயலி புதிது, பின்னால் இருக்கும் பணம் பழைய வங்கிப் பணம். 2018-இல் சாலை போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தரும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் தவணை தவறியபோது, குறுகிய காலக் கடன் வாங்கி நீண்ட காலத் திட்டங்களில் போட்டிருந்ததன் விளைவை, அதற்குக் கடன் கொடுத்திருந்த வங்கிகள் வரை எல்லோரும் அனுபவித்தார்கள்.

வேகமும் மாறிவிட்டது. 1906-இல் பணம் எடுக்கப் போனவர்கள் கதவுக்கு முன்னால் நின்றார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க உத்தரவுகள் குவிந்தன, வாசலில் வரிசை நிற்பதற்கு முன்பே. இதைப் பார்த்துத்தான் செல்போன், இணைய வசதி உள்ள சில்லறை டெபாசிட்டுகளுக்கு இந்திய வங்கிகள் 2026 ஏப்ரல் முதல் கூடுதலாக எளிதில் காசாகும் சொத்து வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

## நம் பணத்துக்கு என்ன காவல்

1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்ததை அடுத்து, 1962-இல் டெபாசிட் காப்பீடு தொடங்கியது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான். 1993-இல் 1 லட்சம். 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது. வங்கியிலிருந்து பணம் எடுக்கத் தடை விதிக்கப்பட்டால் 90 நாட்களுக்குள் காப்பீட்டுப் பணம் தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது.

நடைமுறையில் பெரும்பாலும் அதற்கு முன்பே வேறு வங்கியோடு இணைத்துவிடுகிறார்கள். 1926-இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை வந்தது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்தே நாளில் அது டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு சேர்ந்தது. டெபாசிட் முழுவதும் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. தலைமுறையாக அந்தப் பங்குகளை வைத்திருந்த குடும்பங்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் நஷ்டம் விழ வேண்டிய வரிசை அதுதான்: முதலில் கைமுதல். எல்லா இடத்திலும் இவ்வளவு சீக்கிரம் தீர்வதில்லை. 2019 செப்டம்பரில் தடைக்கு உள்ளான பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க விட்டார்கள். அது வேறு வங்கியோடு இணைய 2022 ஜனவரி ஆயிற்று. அங்கே பெரும்பகுதிக் கடன் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது.

5 லட்சம் என்பது ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியும் சேர்த்து. கூட்டுறவு வங்கிகளுக்கு இது உண்டு. கிராமத்துத் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இல்லை. நிதி நிறுவன டெபாசிட், சீட்டு, நகைச் சேமிப்புத் திட்டம் எதற்கும் இல்லை.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்ததும் சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். ஒரே வங்கியில் இரண்டு கிளைகள், ஒன்றில் 3 லட்சம், இன்னொன்றில் 2.8 லட்சம். “ரெண்டு கிளைன்னா ரெண்டு அஞ்சு லட்சம்னு நினைச்சேன்பா” என்றார். ஒன்றுதான் என்றேன். ஜூனில் முதிர்வது எது என்று தேடினார்; அந்த 2.8 லட்சத்தை வேறு வங்கியில் போடப் போவதாகச் சொல்லி, ரசீதின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டார்.